கண்ணீர் சாட்சி சொல்லுமா?

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வீட்டு விஷயம், குழந்தை வளர்ப்பு, கைச்செலவு என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். நீங்களும் பொறுமையாகப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள். இந்தத் தடவை பேசப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. பல வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானாலும் திட்டுங்கள், சகோதரிகளே!

பதினோரு வருஷத்துக்கு முன் நாங்கள் தஞ்சாவூரில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஐந்து குடித்தனம், ஒரே குழாயடி. கடைசி போர்ஷனில் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "அக்கா, அக்கா" என்று என்னையே சுற்றி வருவாள். மூத்தது மூன்று வயதுப் பெண். இளையதும் பெண், நாலு மாசம். கொழுகொழுவென்று இருக்கும். யார் தூக்கினாலும் சிரிக்கும்.

ஒரு நாள் விடியற்காலையில் அந்த வீட்டில் கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், ராத்திரி பால் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் போய் வெகு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

கூச்சல் போட்டது அவள் புருஷன். அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோதும் கல் மாதிரி இருந்தாள். நடுவில் எழுந்துபோய் மூத்த குழந்தைக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பக்கத்து போர்ஷன் பெரியம்மாவிடம் நான் சொன்னேன்: "என்ன பெரியம்மா இது, பெத்த வயிறு, ஒரு பொட்டுக் கண்ணீர் வரலையே! உக்காந்து துணி மடிக்கிறா, பாத்தீங்களா?"

அவ்வளவுதான் நான் சொன்னது. மூன்றாம் நாள் அந்த வார்த்தை என்னிடமே திரும்பி வந்தது. பால் ஊற்ற வந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரெண்டாவதும் பொண்ணா போச்சில்லீங்களா, அதான்னு பேசிக்கிறாங்க. கூடவே இருந்தீங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். நான் போட்ட விதைதான். அடையாளம் தெரியாத மரமாகி நின்றது. அப்போதாவது "அப்படியெல்லாம் இல்லை" என்று அடித்துச் சொன்னேனா? இல்லை. நமக்கு எதற்கு வம்பு என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி அவளை விசாரித்தார்கள். ஆஸ்பத்திரியில் செய்த பரிசோதனையில் காயமோ விஷமோ ஒன்றும் இல்லை என்று வந்ததும் விட்டுவிட்டார்கள். போலீஸ் விட்டது, தெரு விடவில்லை. "காசு குடுத்து மூடிட்டாங்க" என்று ஆரம்பித்தது. அவள் வந்தால் குழாயடியில் பேச்சு நிற்கும். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொள்வார்கள். அடுத்த தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். போகிற அன்று என்னிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் போனாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இது மறந்தது மாதிரியும் மறக்காதது மாதிரியும் மனசில் கிடந்தது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டாள். 1988-ல் வந்தது, மெரில் ஸ்ட்ரீப் நடித்தது. ஆஸ்திரேலியாவில் நடந்த நிஜக் கதையாம். பாதிக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அப்புறம் மகளையே படித்துச் சொல்லச் சொல்லி முழு விவரமும் தெரிந்துகொண்டேன். நீங்களும் கேளுங்கள்.

லிண்டி சேம்பர்லேன் என்று ஒரு பெண். புருஷன் மைக்கேல், கிறிஸ்தவ சபை ஒன்றில் போதகர். குவீன்ஸ்லாந்தில் மவுண்ட் ஐசா என்ற சுரங்க ஊரில் குடித்தனம். இரண்டு பையன்கள், ஆறு வயதும் நாலு வயதும். மூன்றாவதாக ஆசைப்பட்டபடி பெண் குழந்தை. அசாரியா என்று பெயர் வைத்தார்கள்.

1980 ஆகஸ்டில் விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பி, நட்ட நடுப் பாலைவனத்தில் இருக்கும் உலூரு என்ற பெரிய செம்பாறையைப் பார்க்கப் போனார்கள். 17-ம் தேதி ராத்திரி, கூடாரத்தில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, சில கஜ தூரத்தில் மற்றவர்கள் சமைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு லிண்டி வந்தாள். சற்று நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்மணிக்கும் கேட்டது. லிண்டி எழுந்து போனபோது கூடாரத்திலிருந்து ஒரு டிங்கோ வெளியே வந்தது. டிங்கோ என்பது அந்த ஊர்க் காட்டுநாய். உள்ளே தொட்டில் காலி. டிங்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அவள் அலறினாள். குழந்தைக்கு அப்போது ஒன்பது வாரம்.

ராத்திரியோடு ராத்திரியாக நூற்றுக்கணக்கான பேர் விளக்கை எடுத்துக்கொண்டு தேடினார்கள். குழந்தை கிடைக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து அதன் உடுப்புகள் மட்டும் கொஞ்ச தூரத்தில் கிடைத்தன. மேலே போட்டிருந்த சின்ன வெள்ளைச் சட்டையைக் காணோம். அப்படி ஒரு சட்டை போட்டிருந்தேன் என்று லிண்டி திரும்பத் திரும்பச் சொன்னாள். நம்புவார் இல்லை.

அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் அன்றைக்கே மணலைப் பார்த்துவிட்டு, டிங்கோ சுமையோடு போன தடம் இது என்று சொன்னார்கள். டிங்கோக்கள் துணிந்துவிட்டன, குழந்தைகளுக்கு ஆபத்து வரலாம் என்று அங்கிருந்த வனக் காவலர் தலைவரும் முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். இதையெல்லாம் ஜனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் பார்த்தது வேறு ஒன்றை.

லிண்டி டெலிவிஷனில் பேசினாள். அழவில்லை. என்ன நடந்திருக்கும், டிங்கோ எப்படித் தூக்கியிருக்கும் என்று நிதானமாக விவரம் சொன்னாள். இறந்தவர்கள் உயிர்த்தெழும் நாளில் குழந்தையைப் பார்ப்பேன் என்று அவர்கள் மதத்தில் நம்பிக்கை. அதையும் சொன்னாள். பார்த்தவர்கள், "பெற்றவள் இப்படியா பேசுவாள்?" என்றார்கள். நான் குழாயடியில் கேட்ட அதே கேள்வி!

அங்கிருந்து புரளி கிளம்பியது. அசாரியா என்றால் 'பாலைவனத்தில் பலி' என்று அர்த்தமாம். உண்மையில் ஹீப்ரு மொழியில் அதற்கு 'கடவுள் துணைநின்றார்' என்று பொருள். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டாளாம். ஆமாம், சிவப்பு ரிப்பன் வைத்து ஒரு கறுப்பு கவுன் இருந்தது. குழந்தைக்குப் பிடித்த நிறத்தில் தாய் ஒரு உடை போடக்கூடாதா? நல்ல பெயரும் நல்ல உடையும் கொலைக்குச் சாட்சிகளாகிவிட்டன.

1981 பிப்ரவரியில் முதல் மரண விசாரணை முடிந்தது. விசாரித்த அதிகாரி, குழந்தையைக் கொண்டுபோனது டிங்கோதான், பெற்றோர் மேல் குற்றமில்லை என்றார். புரளிகளுக்கு முடிவு கட்டவேண்டும் என்று தன் முடிவை டெலிவிஷனில் நேரடியாகவே காட்டச் செய்தார். அதற்கும் அடங்கவில்லை. போலீஸ் மறுபடி வீட்டைச் சோதனை போட்டது, காரைக் கொண்டுபோனது. காருக்குள் கைக்குழந்தையின் ரத்தம் தெளித்திருக்கிறது என்று ஒரு நிபுணர் சொன்னார். போதாதா? 1982 அக்டோபர் 29-ம் தேதி லிண்டிக்கு ஆயுள் தண்டனை. கொலை செய்ய என்ன காரணம் என்று அரசுத் தரப்பு கடைசி வரை சொல்லவே இல்லை.

அப்போது அவள் நிறை மாசக் கர்ப்பிணி. காவலில் இருக்கும்போதே நவம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கொஞ்ச நேரத்திலேயே பிரித்து எடுத்துக்கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் ஜாமீன் கிடைத்துக் குழந்தை மடிக்கு வந்தது. அதுவும் சில மாசம்தான். 1983 ஏப்ரலில் அப்பீல் தோற்றுப்போய்த் திரும்பச் சிறைக்குப் போனாள். பால்குடிக் குழந்தையை வேறொரு குடும்பம் வளர்த்தது. இதைப் படிக்கும் இளம் தாய்மார்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1986 பிப்ரவரியில் உலூரு பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு பயணியின் உடலைத் தேடிப் போனவர்கள், டிங்கோ குகைகள் இருக்கும் பக்கத்தில் மண்ணில் பாதி புதைந்த ஒரு சின்னச் சட்டையைக் கண்டெடுத்தார்கள். இல்லவே இல்லை என்று எல்லோரும் சொன்ன அதே சட்டை! சில நாளில் லிண்டியை விட்டுவிட்டார்கள். அதற்குள் சிறையில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் போயிருந்தது. அப்புறம் நடந்த பெரிய விசாரணையில், காரில் தெளித்திருந்தது ரத்தமே இல்லை, இரைச்சல் கேட்காமல் இருக்கக் கார் தயாரிக்கும் இடத்திலேயே அடித்த ஒரு பூச்சு என்று தெரிந்தது. 1988 செப்டம்பரில் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

அதோடு முடிந்ததா? "எப்படியோ தப்பிச்சுட்டா" என்று சொல்கிறவர்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தத் தம்பதியும் பிரிந்துவிட்டார்கள். 2001-ல் வேறொரு தீவில் ஒன்பது வயதுப் பையனை டிங்கோக்கள் கொன்றபோதுதான், இப்படியும் நடக்கும் என்று பலருக்கு உறைத்தது. 2012 ஜூன் 12-ம் தேதி நாலாவது மரண விசாரணையில் ஒரு பெண் அதிகாரி, குழந்தையைக் கொன்றது டிங்கோதான் என்று முடிவு சொல்லி, அந்தக் குடும்பத்துக்கு வருத்தமும் தெரிவித்தார். அப்படி எழுதிய இறப்புச் சான்றிதழ் தாய் கைக்குக் கிடைக்க முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று. அசாரியா உயிரோடு இருந்திருந்தால் முதல் நாள்தான் முப்பத்திரண்டு வயது முடிந்திருக்கும்.

ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. அந்த வருஷங்களில் முன்பின் தெரியாதவர்கள் லிண்டிக்கு எழுதிய கடிதங்கள் இருபதாயிரத்துக்கும் மேல். திட்டியும் மிரட்டியும் எழுதியவை உண்டு. தேற்றி எழுதியவை உண்டு. அன்றைக்குத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று பிற்பாடு எழுதியவையும் உண்டு. அவள் எதையும் கிழித்துப் போடவில்லை. இன்றைக்கு அவை கான்பரா நகரத்துத் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நாம் பேசுவது காற்றோடு போய்விடும் என்று நினைக்கிறோம். சம்பந்தப்பட்டவளிடம் அது தங்கித்தான் போகிறது.

இவ்வளவு பார்த்தும் அந்த நாடு பாடம் கற்றதா? அங்கேயே இன்னொரு தாய், கேத்லீன் ஃபோல்பிக். 1989-லிருந்து 1999-க்குள் நாலு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். டயரியில் தன்னையே நொந்துகொண்டு எழுதியிருந்தாள். குழந்தையை இழந்த எந்தத் தாய்தான் தன்னை நொந்துகொள்ளமாட்டாள்? அதையே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி வைத்து 2003-ல் தண்டனை கொடுத்தார்கள். அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கும், இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடிய அபூர்வமான ஒரு பிறவிக் குறை இருந்தது என்று விஞ்ஞானிகள் பிறகு கண்டுபிடித்தார்கள். 2023-ல் விடுதலை செய்து தண்டனையையும் ரத்து செய்தார்கள். இருபது வருஷம் போனது போனதுதான். அழாதவளுக்கு அழாதது குற்றம்; அழுது எழுதியவளுக்கு எழுதியது குற்றம்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? பெரிய அதிர்ச்சியில் மனசு மரத்துப்போகும். சிலர் கதறுவார்கள், சிலர் சிரித்துவிடுவார்கள், சிலர் கையில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டே இருப்பார்கள். எல்லாம் துக்கம்தான். அதேபோல, நன்றாக இருந்த கைக்குழந்தை தூக்கத்திலேயே போய்விடுவதும் உலகம் பூராவும் நடக்கிறது. பரிசோதித்தாலும் காரணம் பிடிபடாமல் போவது உண்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைப்பது, தலையணையும் கனமான போர்வையும் வைக்காமல் இருப்பது, வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்வது — இவை ஆபத்தைக் குறைக்கும். இளம் தாய்மார்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் நடந்துவிட்டால், அந்தத் தாய்மேல் விரல் நீட்டாதீர்கள்.

படம் பார்த்த மறுவாரம், பழைய வீட்டுக்காரரிடம் கேட்டு அந்தப் பெண்ணின் விலாசம் வாங்கினேன். இப்போது திருச்சிப் பக்கம் இருக்கிறாள். மூத்த பெண் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் பிறகு ஒரு பையனும் இருக்கிறான். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பி கலந்து கொடுத்தாள். நாலு வார்த்தை ஊர்க்கதை பேசிவிட்டு, நெஞ்சைக் கெட்டிப்படுத்திக்கொண்டு சொன்னேன்: "அன்னிக்குக் குழாயடியில உன்னைப் பத்தி முதல்ல பேசினது நான்தாம்மா."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மாவே அப்போது அவளிடம் சொல்லிவிட்டாராம். தெரிந்துகொண்டுதான் கிளம்புகிற அன்று என்னிடம் வந்து சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள்!

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "அன்னிக்கு எனக்குப் பால் கட்டிக்கிட்டு மாரெல்லாம் கல்லா இருந்திச்சுக்கா. ஜுரம் வேற. யார் வந்தா, யார் போனா ஒண்ணும் தெரியலை. கொடியில பாப்பா துணி கிடந்திச்சு. பனியில நனைஞ்சிருமேன்னு எடுத்து மடிச்சேன். மடிச்சப்புறம்தான் இனிமே யாருக்குன்னு தோணிச்சு."

அவள் அப்போதும் அழவில்லை. நான்தான் அழுதேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வாங்கக்கா" என்றாள். அதற்கே நான் தகுதியில்லை.

சகோதரிகளே, துக்க வீட்டுக்குப் போகும்போது எனக்காக இதை மட்டும் செய்யுங்கள். "எப்படி ஆச்சு, யாரு பார்த்தா" என்று துருவாதீர்கள். ரசமும் சாதமும் வடித்துக்கொண்டு போங்கள். மூத்த குழந்தையைக் கொஞ்ச நேரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பால்குடிக் குழந்தையை இழந்தவளுக்கு மார் கட்டி வலிக்கும், ஜுரம் வரும். டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

யாராவது உங்கள் காதில் ஒன்றைப் போட்டால், "நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். செல்போனில் வந்தாலும் அப்படித்தான். 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போன ஒரு வயதான அம்மாள் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்கிறவள் என்று ஊர் கூடி அடித்தே கொன்றார்கள். அதற்குக் கொஞ்ச நாளாகவே வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அனுப்பியவர்கள் எல்லோரும் நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

உண்மையிலேயே தப்பு நடந்திருக்கிறது என்று தோன்றினால் சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல்லலாம். அதற்கு ஸ்டேஷன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், கோர்ட்டு இருக்கிறது. குழாயடி அதற்கான இடமில்லை.

அந்தத் தஞ்சாவூர்ப் பெரியம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. பால்காரம்மா எங்கே இருக்கிறாளோ! நான் சொன்ன வார்த்தையை அவர்களிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு இனி வழியில்லை. உங்களிடம் சொல்லியாவது வைக்கிறேன்.